‘ஜீ’ கவர் டான்ஸ்: ஒத்திகைக் குறிப்பேடு

ஜூன் 3, செவ்வாய்

அசல் நடனத்தை அப்படியே ஆடும் கவர் டான்ஸுக்கு எடுத்திருக்கும் பாட்டு, அப்போது ஒன்பது பேர் இருந்த தென்கொரியப் பெண்கள் குழு கேர்ள்ஸ் ஜெனரேஷனின் ‘ஜீ’. நாங்களும் ஒன்பது பேர். 2009 ஜனவரி 5 அன்று வெளியானது. இசை இ-ட்ரைப் என்ற கொரிய இசையமைப்பாளர் இணை. கொரியாவின் கேபிஎஸ் தொலைக்காட்சியின் ‘மியூசிக் பேங்க்’ நிகழ்ச்சியில் தொடர்ந்து ஒன்பது வாரம் முதலிடத்தில் இருந்த பாட்டு.

வேகம் நிமிடத்துக்கு 100 பீட். அதாவது ஒரு பீட்டுக்கு 0.6 விநாடி, ஓர் எட்டுக்கு (எட்டு பீட் கொண்ட ஒரு எண்ணிக்கைச் சுற்று) 4.8 விநாடி. பாட்டின் நீளம் 3 நிமிடம் 20 விநாடி என்பதால் மொத்தம் ஏறக்குறைய 42 எட்டுகள். கேட்க நிதானமாக இருப்பதால் சுலபம் என்று தோன்றும். ஆனால் விறுவிறுப்பான பாட்டில் அரை பீட் பிசகினால் கண்ணுக்குத் தப்பிவிடும், இதில் தப்பாது. அசைவுகள் சின்னவை, நடுவே இடைவெளி உண்டு. ஒருவர் முந்தினால் மற்ற எட்டுப் பேரும் அசையாமல் இருக்கும்போது அவர் கை மட்டும் மேலே இருக்கும். அதனால் முதல் வாரம் இசையே வேண்டாம், தாளத்தை டிக் டிக்கென்று காட்டும் மெட்ரோனோம் மட்டும். எண்ணும்போது “ஒன் அண்ட் டூ அண்ட்” என்று நடு அரை பீட்டையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

ஜூன் 5, வியாழன்

நண்டுக்கால். பாட்டின் பெயர் திரும்பத் திரும்ப வரும் இடத்தில் ஆடும் இந்த அசைவுக்குக் கொரியாவில் இதே பெயர்தான். இன்று முழுக்க இது மட்டுமே.

பயிற்சிக்குப் பிரித்த முறை: கால்விரல்கள் இரண்டும் உள்நோக்கி இருக்கும்படி நிற்கவும். வலப்பக்கம் நகர, வலது காலின் எடை குதிகாலில், இடது காலின் எடை முன்பாதத்தில். இரண்டையும் ஒரே நேரத்தில் திருப்பினால் குதிகால்கள் நெருங்கி விரல்கள் வெளிநோக்கும். அடுத்த பீட்டில் எடை அப்படியே மாறும்: வலதுக்கு முன்பாதம், இடதுக்குக் குதிகால். பாதம் தரையை விட்டு எழவே கூடாது.

எங்கே கெடுகிறது? எடையை மாற்றாமல் திருப்பினால் நின்ற இடத்திலேயே உடம்பு ஆடும், நகராது. திருப்பம் இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும். முழங்காலுக்குக் கீழே மட்டும் முறுக்கினால் உட்பக்கம் வலி பிடிக்கும். வலி வந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுவது நல்லது. புது ரப்பர் சோல் தரையைப் பிடித்துக்கொள்ளும், தேய்ந்த சோல் போதும். முதலில் 75 சதவீத வேகம் (ஒரு பீட் 0.8 விநாடி), பிறகு முழு வேகம்.

ஜூன் 8, ஞாயிறு

வரிசை. ஒன்பது பேர் 80 சென்டிமீட்டர் இடைவெளியில் நின்றால் முதல் ஆளிலிருந்து கடைசி ஆள் வரை 6.4 மீட்டர். இருபுறமும் கை நீள இடம் சேர்த்தால் ஏழரை மீட்டருக்கு மேல். மேடை ஆறு மீட்டர்தான் என்றால் ஒற்றை வரிசையை நெருக்கக் கூடாது. முழங்கை இடிக்கும் பயத்தில் எல்லோரும் அசைவைச் சுருக்கிவிடுவார்கள். முன்னே ஐவர், பின்னே நால்வர், பின்வரிசை முன்வரிசைச் சந்துகளில். தரையில் நடுப்புள்ளிக்கு ஒரு நிற டேப், மற்றவற்றுக்கு வேறு நிறம்.

வீடியோ பார்த்துக் கற்பவர்களுக்கு: கண்ணாடிபோல் திருப்பிய வீடியோவா, அசலா என்று முதலில் தீர்மானியுங்கள். இரண்டும் கலந்தால் நண்டுக்காலில் இருவர் நேருக்கு நேர் மோதுவார்கள்.

ஜூன் 12, வியாழன்

உதட்டசைவு. முன்னுரை முடிந்ததுமே பல்லவி வந்துவிடுவதால், வாய் பிசகினால் முதல் அரை நிமிடத்திலேயே தெரியும். பல்லவியில் வரும் கொரியச் சொல்லை “நொமு” என்று தமிழில் எழுதி மனப்பாடம் செய்வதுதான் காரணம். அதன் முதல் உயிரொலிக்கு நம்மிடம் எழுத்தில்லை. அகரத்துக்கும் ஒகரத்துக்கும் நடுவில் ஒலிக்கும், உதடு குவியாது. ‘மு’வில்தான் குவிய வேண்டும். கண்ணாடி முன் மெதுவாக இருபது தடவை சொன்னால் படியும்.

ஜூன் 15, ஞாயிறு

உடை. அசல் வீடியோவின் பல நிறங்களில் காலோடு ஒட்டிய (ஸ்கின்னி) ஜீன்ஸ்தான் இந்தப் பாட்டின் அடையாளம், அதை விட்டுவிட மனம் வராது. இழுபடும் நூலான எலாஸ்டேன் கலந்த துணியாக வாங்கவும். கடையிலேயே முழுதாகக் குந்தி எழுந்து பார்க்கவும். முழங்காலில் இழுத்தால் நண்டுக்கால் பாதியில் நிற்கும். குறைந்தது இரண்டு முழு ஒத்திகைகள் அதே ஜீன்ஸிலும் அதே காலணியிலும் நடக்க வேண்டும். பக்கத்து நிறங்கள் ஒன்றாகிவிடாதபடி நிறங்களை நிற்கும் வரிசைப்படி பங்கிடுவது நல்லது, ஆள் விருப்பப்படி அல்ல.