விரல் மரத்துப்போன பிறகு

"தம்பி, இந்தப் பக்கத்தில் எழுத்து இருக்கிறதா, வெற்றுத் தாளா?"

மடியில் பிரெய்ல் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு ஆசிரியர் இப்படிக் கேட்டபோது எனக்குச் சட்டென்று புரியவில்லை. அவருடைய சுட்டுவிரலை ஒட்டி என் விரலை வைத்துப் பார்த்தேன். புள்ளிகள் நன்றாக எழும்பியிருந்தன. அந்தப் பிரதியை அதிகம் பேர் எடுத்ததில்லை, ஒரு புள்ளிகூட அமுங்கவில்லை. "இருக்கிறதே ஐயா" என்றேன். அவர் மறுபடி ஒருமுறை வரி முழுவதும் தடவினார். "போர்வையைத் தடவுகிற மாதிரி இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தை மூடினார்.

ஆறு வயதிலிருந்து தடவிப் படித்த விரல் அது. ஒரு நூலகத்தின் பார்வையற்றோர் பிரிவில் 11 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். நானும் பிறவியிலேயே பார்வையற்றவன். எங்கள் வாசகர்களில் அவர் அளவுக்கு வேகமாகப் படிக்கிறவரை நான் அறிந்ததில்லை. அவருக்குப் புற்றுநோய்க்கு ஊசி போட ஆரம்பித்து நான்காவது முறை முடிந்திருந்தது. பாக்ளிடாக்செல், வின்கிறிஸ்டின், ஆக்சாலிபிளாட்டின் போன்ற மருந்துகள் கை, கால் நுனி நரம்புகளைப் பாதிக்கக்கூடியவை என்பது மருத்துவர்களுக்குத் தெரிந்த செய்திதான். சட்டைப் பொத்தான் போட முடிகிறதா என்று அவரிடமும் கேட்டிருக்கிறார்கள். முடிகிறது என்று சொல்லியிருக்கிறார். படிக்க முடிகிறதா என்று எவரும் கேட்கவில்லை. பிரெய்ல் புள்ளியின் உயரம் அரை மில்லிமீட்டர் அளவுதான், ஒரு புள்ளிக்கும் அடுத்ததற்கும் இடைவெளி இரண்டரை மில்லிமீட்டர். பொத்தான் போடத் தெரிகிற விரலுக்கு அது தெரியாமல் போகலாம்.

பார்வையுள்ளவர்கள் நோயில் படுத்தால் கண் களைத்துப்போகும்வரை ஏதாவது படிப்பார்கள். எங்களுக்கு நோய் வந்தால் படிப்புதான் முதலில் கையைவிட்டுப் போகிறது. அச்சில் 300 பக்கம் வருகிற நாவல் பிரெய்லில் மூன்று நான்கு தொகுதிகளாகிவிடும். கெட்டித் தாள், அகலமான பக்கம். வயிற்றில் தையல் போட்டவர் அதை எங்கே வைத்துப் படிப்பார்? கையில் டிரிப்ஸ் ஏறும்போது எந்தக் கையால் வரியைப் பிடிப்பார்?

ஆசிரியருக்கு ஒலிநூல் மேல் அதுவரை பிடிப்பே இல்லை. காதால் கேட்பது கேட்பதுதான், படிப்பது ஆகாது என்று எங்களிடம் பலமுறை வாதாடியவர். எழுத்துக்கூட்டத் தெரியாத தலைமுறை வந்துவிடும் என்ற அவருடைய கவலையில் நியாயம் இருந்தது. ஆனால் இப்போது வேறு வழி இல்லை. ஒரு சரித்திர நாவலை அவருடைய போனில் ஏற்றிக் கொடுத்தேன். இரண்டாம் நாள் இரவு கூப்பிட்டார். குரலில் பதற்றம். "தம்பி, எனக்கு நினைவு தப்புகிறதா? கதை பிடிபடவே மாட்டேன் என்கிறது."

நினைவு தப்பவில்லை. தவறு என்னுடையது. கோப்புகளுக்கு 1, 2, 3 என்று பெயர் வைத்திருந்தேன், 01, 02 என்று வைக்கவில்லை. அவருடைய போன் முதல் அத்தியாயத்துக்குப் பின் பத்தாவதையும் பதினோராவதையும் ஓட்டியிருக்கிறது. நலமாக இருப்பவர் என்றால் கோப்பு கலைந்துவிட்டது என்று திட்டிவிட்டுச் சரிசெய்துகொள்வார். அவரோ தன் மூளைக்கே நோய் ஏறிவிட்டது என்று ஒரு நாள் முழுக்க யாரிடமும் சொல்லாமல் பயந்து கிடந்திருக்கிறார். அன்றிலிருந்து எந்தப் புத்தகத்தையும் முதலிலிருந்து கடைசிவரை அத்தியாயம் அத்தியாயமாகத் தட்டிப் பார்க்காமல் நான் வெளியே அனுப்புவதில்லை. பார்வையற்றோருக்கான டெய்சி என்ற ஒலிநூல் வடிவத்தில் தலைப்பு தலைப்பாகத் தாவலாம், அடையாளம் வைக்கலாம், அரை மணியில் தானாக நிற்கும்படியும் பல கருவிகளில் வைக்கலாம். மருந்து மயக்கத்தில் பாதியில் தூங்கிப்போகிறவருக்கு இவை சின்ன வசதிகள் அல்ல. விட்ட இடம் தெரிந்தால்தான் மறுநாள் கதையைத் தொடர முடியும்.

குரலும் அப்படித்தான். திரை வாசிக்கும் மென்பொருளின் இயந்திரக் குரலை நாங்கள் மற்றவர்களுக்குப் புரியாத வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கப் பழகியவர்கள். காய்ச்சலிலும் வலியிலும் அந்தப் பழக்கம் உதவுவதில்லை. மனிதக் குரல் வேண்டியிருக்கிறது. பக்கம் புரட்டுகிற ஓசையும் வாசிப்பவர் மூச்சு வாங்குவதும் கேட்டால் பிழை என்று வெட்டி எறிந்துகொண்டிருந்தோம். அவற்றை விட்டுவையுங்கள், பக்கத்தில் ஆள் உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கிறது என்று கேட்டவர்கள் நோயாளிகள்தான்.

எங்களிடம் வருகிற ஓர் அக்காவுக்குச் சர்க்கரை நோயில் பார்வை போனது, பிறகு சிறுநீரகமும் போனது. இந்த இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக வருவது அபூர்வமல்ல. பிரெய்ல் கற்க உட்கார்ந்தபோது விரல் நுனியில் உணர்ச்சி குறைந்திருந்தது, அதற்கும் அதே சர்க்கரைதான் காரணம். வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ். ஊசி குத்திய கையை அசைக்கக் கூடாது. மற்றவர்கள் தொலைக்காட்சி பார்ப்பார்கள். அவருக்கு இயந்திரத்தின் சத்தம் மட்டும். தன்னம்பிக்கைப் புத்தகங்கள் மூன்றைத் தேர்ந்து அனுப்பினேன். அடுத்த வாரம் சொன்னார்: "தைரியம் சொல்ல நிறைய பேர் இருக்கிறார்கள் தம்பி. எனக்குச் சமையல் புத்தகம் வேண்டும்."

இளநீர் கூடாது, வாழைப்பழம் கூடாது, குடிக்கிற தண்ணீருக்கும் அளவு. அவருக்கு எப்படிச் சமையல் புத்தகத்தைக் கொடுப்பது என்று நான் தயங்கினேன். கொடுத்தேன். வத்தக்குழம்புக்கு எண்ணெய் எப்போது பிரியும் என்பதையெல்லாம் நான்கு மணி நேரமும் கேட்டுக்கொண்டிருப்பாராம். "இதில் புளி குறைவாகச் சொல்லியிருக்கிறார்கள்" என்று புத்தகத்தைத் திருத்திக்கொண்டு வந்தார். நோயாளிக்கு எது இதம் என்று நாம் முடிவுசெய்வது எவ்வளவு பெரிய தவறு என்று அவரிடம்தான் கற்றுக்கொண்டேன். இப்போது கேட்டதைத் தருகிறேன். கொலைக் கதை கேட்டால் கொலைக் கதை.

இன்னொன்றும் அவர் சொன்னதுதான். இரண்டு காதிலும் இயர்போன் மாட்டச் சொல்லி ஒரு நர்ஸ் அன்பாகவே சொல்லியிருக்கிறார். அவர் மறுத்துவிட்டார். ஒரு காது கதைக்கு, ஒரு காது வார்டுக்கு. யார் வருகிறார்கள், எந்தப் பக்கம் ஊசி வரப்போகிறது என்பது கண்ணில்லாதவருக்குக் காதில்தான் தெரியும். மருத்துவமனையில் பெரும்பாலும் எங்களிடம் யாரும் பேசுவதில்லை. "சாப்பிட்டாரா, தூங்கினாரா" என்று துணைக்கு வந்தவரிடம் கேட்கிறார்கள். ஸ்கேன் முடிவு, உணவுப் பட்டியல் எல்லாம் அச்சில் வருகின்றன. சொந்த உடம்பைப் பற்றிய செய்தியே அடுத்தவர் வாய்வழியாக, அவர் சொல்ல விரும்பிய அளவுக்குத்தான் வந்து சேர்கிறது. அப்படிக் கழிகிற நாளில் ஒரு புத்தகம் மட்டும் யாரையும் இடையில் வைக்காமல் நேராக அவரிடம் பேசுகிறது. நிறுத்து என்றால் நிற்கிறது. நான் கண்ட ஆறுதலில் பெரும்பங்கு இதுதான்.

2012-இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்திய பிறகு, பார்வையற்றோருக்காக ஒரு நூலை ஒலியாகவோ பிரெய்லாகவோ மாற்ற உரிமையாளரின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. பார்வையற்றோருக்கு நூல்கள் கிடைக்க வழிசெய்யும் மராகேஷ் என்ற சர்வதேச உடன்படிக்கையை உலகில் முதலில் ஏற்று உறுதிசெய்த நாடும் இந்தியாதான், 2014-இல். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தகவல்கள் அணுகத்தக்க வடிவில் இருக்க வேண்டும் என்கிறது. சட்டம் இருக்கிறது, தமிழில் வாசித்துப் பதிவுசெய்ய ஆட்கள்தான் போதவில்லை. குரல் நன்றாக இருக்க வேண்டும் என்று நினைத்துப் பலர் தயங்குகிறார்கள். உச்சரிப்பு தெளிவாக இருந்தால் போதும், தயவுசெய்து வாருங்கள்.

ஆசிரியரின் மகன் ஊருக்குப் போக வேண்டியிருந்த ஓர் இரவு, துணைக்கு நான் தங்கினேன். அவர் பாதி படித்து மூடிய அந்தப் பிரெய்ல் தொகுதியையும் பையில் எடுத்துப் போயிருந்தேன். பத்து மணிக்கு வார்டில் விளக்கை அணைத்தார்கள். பக்கத்துப் படுக்கைக்காரர் கையிலிருந்த பத்திரிகையை மடித்து வைக்கிற சத்தம் கேட்டது. "போன் வேண்டாம், நீ படி" என்றார் ஆசிரியர். எனக்கு விளக்கு எதற்கு? அவர் விட்ட பக்கத்தைத் தேடி எடுத்துத் தணிந்த குரலில் வாசிக்க ஆரம்பித்தேன்.

கொஞ்ச நேரத்தில் அவருடைய கை வந்து என் வலது கையின் மேல் அமர்ந்தது. வரி நகர்வதும், முடிவதும், அடுத்த வரிக்கு இறங்குவதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஓரிடத்தில் ஒரு சொல்லைத் தவறாக வாசித்தேன். அவர் என் கையை லேசாக அழுத்தி, வரியின் தொடக்கத்துக்கு நகர்த்தினார்.