சிஸ்டர் கேட்ட அந்தக் கேள்வி

"சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு வரச் சொல்றோமே, அந்த சுகர் பேஷண்ட்டெல்லாம் எங்க சார் உட்காருவாங்க?"

மருத்துவமனையில் ரத்தம் எடுக்கும் கூடத்தை மாற்றியமைக்கும் முன், அதை அட்டைப் பெட்டிகளால் அசல் அளவிலேயே மாதிரியாக நிறுத்தியிருந்தோம். மூத்த சிஸ்டர் ஒருமுறை நடந்து பார்த்துவிட்டுக் கேட்டார். நாற்காலிகளைப் பாதிக்கும் கீழே குறைத்திருந்தோம்.

கணக்கில்லாமல் குறைக்கவில்லை. காலை நெரிசலில் மணிக்கு 120 பேர். ஒருவர் வந்து போக 40 நிமிடம். வரும் வேகத்தை உள்ளே இருக்கும் நேரத்தால் பெருக்கினால் எந்நேரமும் உள்ளே 80 பேர். ஊசி குத்தி ட்யூப் நிரப்ப 5 நிமிடம்தான், மீதி 35 நிமிடமும் டோக்கன், பில், லேபிள் என்று வரிசை. டோக்கனையும் பில்லையும் ஒரே கவுண்ட்டரில் முடித்து, லேபிளை மேசையிலேயே நோயாளியின் கண்முன் அச்சடித்து ஒட்டினால் 15 நிமிடத்தில் அனுப்பலாம். ட்யூப் மாறும் அபாயமும் குறையும். உள்ளே 30 பேர்தான் இருப்பார்கள். மேசை 10 போதும் என்று கணக்கு சொல்லும். ஆனால் நரம்பு கிடைக்காத ஒருவர் வந்தாலே பின்னால் தேங்கிவிடும், அதனால் 12. கூடுதல் இரண்டுக்கு இடம் நாற்காலிகளை எடுத்தால்தான் கிடைக்கும். இது சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன்.

ஆனால் டொயோட்டாவின் உற்பத்தி முறையை வகுத்த தாயிச்சி ஓனோ வீண் என்று பட்டியலிட்ட ஏழில் ஒன்றான காத்திருப்பு வேறு, சிஸ்டர் சொன்னது வேறு. அந்த இரண்டு மணி நேரத்தைப் பரிசோதனையே கேட்கிறது. எவ்வளவு வேகப்படுத்தினாலும் குறையாது. ஜார்க்கண்டிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் காட்பாடி ரயில் நிலையத்தில் வந்து இறங்குபவர்களுக்காவது லாட்ஜ் அறை இருக்கும். குடியாத்தத்திலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறவருக்கு? மணிக்கு 20 பேர் அப்படி வந்தாலே, அதே சூத்திரப்படி 40 பேர் உட்கார்ந்திருப்பார்கள். துணைக்கு ஒருவர் சேர்த்தால் 80. எடுத்த நாற்காலிகளையெல்லாம் இந்தக் கணக்கு திரும்பக் கேட்கிறது!

அவர்களை வராந்தாவில் உட்கார வைக்கலாம், ரத்தம் எடுக்கும் கூடம் ரத்தம் எடுக்கத்தானே என்றேன். "மறுபடி வரிசையில நிக்கணுமா?" என்றார் சிஸ்டர். சாப்பிடத் தொடங்கிய நேரத்திலிருந்து எண்ணுகிற இரண்டு மணி அது. வரிசையில் அரை மணி நின்றால் வருவது வேறு அளவு. அவர்களுக்கென்று ஒரு மேசையை ஒதுக்கினோம். முதல் ஆள் திரும்பி வரும்வரை அது காலியாகத்தான் இருக்கும், அதுவும் கூட்டம் உச்சத்தில் இருக்கும்போது. வராந்தா பெஞ்சுகளுக்கு டோக்கன் அழைப்பு எட்டுமா என்பதை மட்டும் அட்டை மாதிரியில் சோதிக்க முடியவில்லை.