மாராவில் கூடாரங்கள் காலியாகும்போது

கென்யாவின் மாசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்துக்குப் பயணிகள் வராமல் போனால் மறுவாரமே துப்பாக்கியோடு வேட்டைக்காரர்கள் வந்து இறங்குவார்கள் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். அங்கே வேலை செய்பவர்களின் பயம் வேறு. கம்பிவேலிதான் அவர்களை உறங்கவிடாது.

மாரா தேசியக் காப்பகம் 1,510 சதுர கிலோமீட்டர். நாரோக் மாவட்ட அரசின் பொறுப்பில் இருக்கிறது. அதன் வடக்கிலும் கிழக்கிலும் விரிந்து கிடப்பது மாடு மேய்க்கும் மாசாய் இனக் குடும்பங்களின் பட்டா நிலம். கூட்டு மேய்ச்சல் நிலங்களாக இருந்தவற்றைப் பிரித்தபோது பல இடங்களில் ஆளுக்குச் சுமார் 150 ஏக்கர் வந்தது. அடுத்தடுத்த பட்டாக்களை ஒன்றுசேர்த்து, 2005 முதல் ஓல் கின்யெய், ஓலாரே மோட்டோரோகி, மாரா நார்த், நபோய்ஷோ என்று சமூகக் காப்பகங்கள் உருவாகின. பயணிகளுக்குக் கூடார முகாம் நடத்துபவர்கள் ஏக்கருக்கு இவ்வளவு என்று மாதக் குத்தகை கொடுப்பார்கள். பதிலுக்கு நிலக்காரர் வேலி போடக்கூடாது, உள்ளே வீடு கட்டக்கூடாது, குறித்த பகுதியில் குறித்த மாதத்தில்தான் மாடு மேய்க்க வேண்டும். சில காப்பகங்களில் 700 ஏக்கருக்கு ஒரு கூடாரம்தான் அனுமதி.

பயணி வந்தாலும் வராவிட்டாலும் குத்தகை உண்டு என்றுதான் காகிதத்தில் இருக்கும். ஆனால் முகாமுக்குப் பணம் வரும் வழி பயணி ஒருவர்தான். 2020 மார்ச்சில் கென்யா சர்வதேச விமானங்களை நிறுத்தியது. ஆகஸ்டில்தான் மறுபடி திறந்தது. 2019-இல் 20 லட்சத்தைத் தாண்டியிருந்த வெளிநாட்டு வருகை அந்த ஆண்டு 6 லட்சத்துக்கும் கீழே விழுந்தது. பல காப்பகங்களில் குத்தகையை வெட்டினார்கள். கால்நடைச் சந்தைகளும் பல இடங்களில் மூடியிருந்ததால், மாட்டை விற்றுச் சமாளிக்கவும் வழியில்லை.

முதலில் காலியாவது பெண்களின் கை. குத்தகை பட்டாவில் பெயர் உள்ளவரின் கணக்குக்குப் போகிறது. அது பெரும்பாலும் ஆண். பெண்ணுக்கு நேராக வரும் காசு பாசிமணி வேலையில்தான். மணியை அவள் முன்கூட்டியே வாங்கியாக வேண்டும். நல்ல கண்ணாடி மணி செக் நாட்டிலிருந்து வருகிறது. கோத்த மாலைகள் மூட்டையாகக் கிடக்க, மணிக்கடைக் கடன் மட்டும் நிற்கும். நெருக்கடிக் கணக்குப் போடுபவர்கள் குத்தகையைத்தான் எண்ணுகிறார்கள். இந்தக் கடன் அறிக்கைகளில் பெரும்பாலும் வருவதில்லை.

அடுத்தது கண்கள். பயணிகளை ஏற்றிச் செல்லும் ஓட்டுநர்கள் நாள் முழுக்கப் புல்வெளியில் சுற்றுவார்கள்; சுருக்குக்கம்பி மாட்டிய வரிக்குதிரை, கூட்டத்தைப் பிரிந்த யானைக்குட்டி என்று எதைப் பார்த்தாலும் ரேடியோவில் சொல்வார்கள். வண்டிகள் நின்றால் அந்தச் செய்தியும் நின்றுவிடும். அந்த நேரத்தில் ரோந்துக் காவலர்களைக் குறைப்பதுதான் பெரிய தவறு. டீசலைக் குறைக்கலாம், மழைக்காலத்தில் மாராவின் கரிசல் மண்ணில் வண்டி எப்படியும் புதைந்துதான் நிற்கும். நடந்து ரோந்து போக ரேஷனும் நல்ல பூட்ஸும் போதும். வேலையிழந்த காவலருக்குக் காட்டின் ஒவ்வொரு தடமும் தெரியும் என்பதை நிர்வாகம் மறக்கக்கூடாது.

மூன்றாவது இடம் மாட்டுப்பட்டி. குத்தகை வரும் மாதத்தில் ஒரு பசுவைச் சிங்கம் அடித்தால் திட்டிவிட்டு விட்டுவிடுவார்கள். வராத மாதத்தில் அதே பசு பள்ளிக் கட்டணம். மனித உயிருக்கு 50 லட்சம் ஷில்லிங் என்று 2013 வனவிலங்குச் சட்டம் சொன்னாலும் இழப்பீட்டுக் கோப்பு ஆண்டுக்கணக்கில் நகராது. அப்போதுதான் செத்த மாட்டின் மேல் பூச்சிமருந்து தூவப்படுகிறது. 2015 டிசம்பரில் மாராவின் புகழ்பெற்ற மார்ஷ் கூட்டத்துச் சிங்கங்கள் சில செத்தது விஷத்தால்தான். சிங்கத்தோடு நிற்காது; கழுதைப்புலி, கழுகு என்று அந்தச் சடலத்தைத் தொட்டதெல்லாம் சாகும்.

ஆகவே காசு குறைவான காலத்தில் முதல் செலவு பட்டிக்குத்தான். வேலமுள் வேலிக்கு வெளியே கம்பிவலை, ஆள் உயரத்துக்கு மேல். வலையின் அடியை மண்ணில் புதைத்துக் கல் அடுக்க வேண்டும், இல்லையென்றால் கழுதைப்புலி தோண்டி நுழையும். மரக்கம்பத்தைக் கரையான் தின்னும்; மறுசுழற்சிப் பிளாஸ்டிக் கம்பம் விலை கூடுதல், ஆனால் நிற்கும். சிறுத்தை ஏறி வரும். ஆட்டுக்குட்டிக்கு உள்ளே கூரையோடு தனி அறை வேண்டும். சிங்கம் பெரும்பாலும் உள்ளே குதிப்பதில்லை. காற்று வரும் பக்கம் நின்று வாடை காட்டும். மிரண்ட மாடுகள் தாங்களே பட்டியை உடைத்துக்கொண்டு வெளியே பாயும். வலையைவிடக் கதவு பலமாக இருக்க வேண்டியது அதனால்தான். நல்ல வலை கட்டி, கதவுக்கு மட்டும் பழையபடி முட்கொப்பை இழுத்துவைத்த பட்டிகளே அதிகம் அடிவாங்குகின்றன.

நைரோபி அருகே கிடெங்கெலாவில் மாடு மேய்த்த சிறுவன் ரிச்சர்ட் டுரேரே சிங்கத்தை மிரட்டக் கண்டுபிடித்த மின்னும் விளக்கும் உதவும், பராமரித்தால். சூரியத் தகட்டில் தூசி படிந்தால் பேட்டரி நள்ளிரவுக்கு மேல் தாங்காது. சிங்கம் வருவதோ அதற்குப் பிறகு.

கடைசியில் வருவதுதான் கம்பிவேலி. குத்தகை தாமதமான மூன்றாவது நான்காவது மாதத்தில் நிலக்காரர் 150 ஏக்கரையும் புதிதாகப் பார்க்கத் தொடங்குவார். வேலி போட்டால் புல் தனக்கு மட்டும், வாடகைக்கு மேய்ச்சல் விடலாம், விற்கவும் செய்யலாம். அவர் மேல் குற்றமில்லை. ஆனால் ஒருவர் போட்டதும் பக்கத்து நிலத்தின் மேல் மேய்ச்சல் சுமை கூடுகிறது, அந்த நிலக்காரரும் போடுவார். லோயிடா சமவெளியிலிருந்து மாராவுக்கு வரும் வில்டபீஸ்ட் என்ற பெரிய மான் கூட்டம் கம்பியோரமாக நடந்து நடந்து மூலையில் முட்டி நிற்கும். கன்று கம்பிக்குள் கால் விட்டு அங்கேயே கிடக்கும்.

குத்தகையைக் குறைத்தாலும் தேதியை மாற்றாமல் கொடுத்தால் இந்த மூன்றாவது மாதம் வருவதைத் தள்ளிப்போடலாம். பாதித் தொகை ஐந்தாம் தேதி கைப்பேசியில் விழுந்தால் ஒப்பந்தம் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். முழுத்தொகை எப்போதோ வரும் என்ற கூட்டத்து வாக்குறுதியை யாரும் நம்புவதில்லை. நல்ல ஆண்டுகளில் ஆறு மாதக் குத்தகையை ஒதுக்கி வைக்காத காப்பகத்துக்கு அந்தப் பாதியும் இருக்காது.

பயணிகள் திரும்பியதும் வேலியையும் பிடுங்கிவிடலாம் என்கிறார்கள். கம்பத்தைப் பிடுங்க ஒரு நாள் போதும். ஆனால் அதற்குள் வேலிக்கு உள்ளே கன்றுகளுக்கென்று ஒதுக்கிய ஓலோபோலோலி புல் வளர்ந்திருக்கும், தம்பி ஒரு தகரக்கூரை வீட்டுக்குக் கடைக்கால் போட்டிருப்பான்.