ரெண்டு நெட்வொர்க் கார்டு இருக்க சர்வருக்கு ஒரு ஷெல் ஸ்கிரிப்ட்

மார்த்தாண்டத்துல ஒரு கடையோட சர்வர நாகர்கோவில்ல இருந்தே பாத்துக்கிடுறேன், அதுல ரெண்டு நெட்வொர்க் கார்டு, ஒண்ணு இன்டர்நெட்டுக்கு, இன்னொண்ணு உள்ள இருக்க பில்லிங் கம்ப்யூட்டர்களுக்கு. ரெண்டு கார்டுக்கும் ஐபி (நெட்வொர்க்ல அதோட முகவரி) போட, கையால ஒவ்வொரு கமாண்டா அடிக்கதுக்கு பதிலா எல்லா கமாண்டையும் வரிசையா ஓட்டுற ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் எழுதி வச்சிருக்கேன்.

இதுல ரொம்ப முக்கியம் கார்டு பேருதான். ஈத்0, ஈத்1னு (eth0, eth1) லினக்ஸ் வைக்கிற பழைய பேர நம்பி எழுதாதீங்க, ரீபூட் ஆனா ரெண்டும் இடம் மாறிரலாம், அப்புறம் உள்ளுக்கு போடவேண்டிய ஐபி வெளி கார்டுல போய் உக்காந்துக்கும். என் ஸ்கிரிப்ட் ஒவ்வொரு கார்டோட மேக் அட்ரஸையும் (அந்த கார்டோட அடையாள நம்பர்) சிஸ் ஃபோல்டர்ல (/sys) இருந்து படிச்சி, நான் குறிச்சு வச்சதோட ஒத்து வந்தாத்தான் ஐபி போடும், இல்லன்னா எதையும் தொடாம நின்னுரும்.

ஐபி கமாண்டுல போட்டது ரீபூட்டுக்கு அப்புறம் நிக்காது, அதனால சர்வர்ல இருக்க லினக்ஸ் உபுண்டுன்னா, நெட்வொர்க் செட்டிங்க நிரந்தரமா வைக்கிற நெட்பிளான் ஃபைலையும் ஸ்கிரிப்டே எழுதிரணும். தூரத்துல இருந்து மாத்துறவங்க தயவுசெஞ்சு நேரா நெட்பிளான் அப்ளை (netplan apply) அடிக்காதீங்க, செட்டிங் தப்பா இருந்தா கனெக்ஷனே அறுந்துரும், நெட்பிளான் ட்ரை (netplan try) அடிங்க. நீங்க என்டர் தட்டி சரின்னு சொல்லலன்னா 120 செகண்டுல பழைய செட்டிங்குக்கே திரும்பிரும், கொட்டுற மழையில தக்கலை தாண்டி பஸ்ல போகவேண்டாம். டீஃபால்ட் கேட்வே (வெளிய போற டேட்டா பாக்கெட்ட அனுப்பவேண்டிய ரூட்டரோட ஐபி) வெளி கார்டுக்கு மட்டும் குடுங்க, ரெண்டுலயும் குடுத்தா பாக்கெட் எந்த வழியா போகும்னே சொல்லமுடியாது.