80% என்ற பொய்யும் 6 நாள் சறுக்கலும்

மார்ச் 3, திங்கள் மாலை

டேட்டா மைக்ரேஷன் (பழைய மென்பொருளின் தரவுகளைப் புதியதற்கு மாற்றும் வேலை) 80% முடிந்ததாக அறிக்கை. மொத்தம் 20 நாள் வேலை (சனி, ஞாயிறு சேராது), எனவே அட்டவணை போடும் மென்பொருள் 4 நாள் பாக்கி என்கிறது. சதவீதத்தை நம்பி அட்டவணை போட்டால் கெட்டோம். "இன்னும் எத்தனை நாள், அதில் என்னென்ன?" என்று வேலை செய்பவரையே கேட்க வேண்டும். பதில்: இரட்டைப் பதிவுகளைக் களைய 4 நாள், சோதனை ஏற்றம் இரண்டுக்குத் தலா 3. ஆக 10.

பின்னாலேயே பயனர் சோதனை 10 நாள். 21-ஆம் தேதி முடிய வேண்டியது 31-க்குப் போகிறது. அது மாதக் கணக்கு முடிக்கும் நாள். அன்று பழைய மென்பொருளை நிறுத்த யாரும் சம்மதிக்க மாட்டார்கள்.

மார்ச் 4, செவ்வாய்

எதையும் தொடுமுன் பழைய பேஸ்லைனை (முதலில் ஒப்புக்கொண்ட அட்டவணை) தனியாகச் சேமித்தாயிற்று. அதன்மேலேயே திருத்தினால் தாமதம் இருந்த சுவடே தெரியாது.

களையும் வேலைக்கு ஆள் கூட்டலாம் என்றது ஒரு யோசனை. பயனில்லை: இரண்டு பதிவில் எது சரி என்று கணக்குப் பிரிவுதான் சொல்ல முடியும், புதிய ஆளும் அவர்கள் பதிலுக்கே காத்திருப்பார். எடுத்த வழி இரண்டு. முடிந்துபோன பழைய பரிவர்த்தனைகளை, புதிய மென்பொருள் பயன்பாட்டுக்கு வரும் கோ-லைவுக்குப் பிறகு ஏற்றுவது (தொடக்க இருப்பு மட்டும் இப்போது; பழைய மென்பொருள் பார்வைக்கு மட்டும் திறந்திருக்கும்): 2 நாள் மிச்சம். லாகின், அனுமதிகள், ஒப்புதல் படிகள் போல டேட்டாவுக்குக் காத்திராத சோதனைகளை 10 முதல் 13 வரை இணையாக நடத்துவது: 4 நாள் மிச்சம். மறுபடி 21.

மார்ச் 5, புதன்

காகிதத்தில் 21 வந்ததும் நிறுத்தியிருந்தால் மாட்டியிருப்போம். இணையான சோதனைக்குத் தனிச் சூழல் அமைக்க 3 நாள். அமைப்பவரும் பேமென்ட் இணைப்பை எழுதுபவரும் ஒரே ஆள்! இணைப்பு 5 நாள், பயிற்சி 6 நாள் என்ற அந்தப் பாதையில் இருந்த 3 நாள் ஃப்ளோட் (முடிவுத் தேதியைப் பாதிக்காமல் தாமதிக்கக்கூடிய அவகாசம்) அப்படியே காலி. இப்போது இரண்டு பாதையுமே கிரிட்டிக்கல். எது ஒரு நாள் நழுவினாலும் தேதி நழுவும்.

மார்ச் 6, வியாழன்

2 நாள் பஃபர் (எதிர்பாராத தாமதத்துக்கான கூடுதல் நாள்) கேட்டு ஒப்புதல் வாங்கியாயிற்று. வேலைகள் முடிவது 25, கோ-லைவ் 26 புதன். பஃபர் இரு பாதைகளும் சேருமிடத்தில் தனி வரியாக நிற்கிறது. ஒவ்வொரு வேலைக்குள்ளும் ஒளித்து வைத்தால் கேட்காமலே செலவாகிவிடும். மாற்றப் பதிவேட்டில்: பழைய தேதி, புதிய தேதி, காரணம், ஒப்புதல் தந்தவர். தேதியைத் தள்ளுவதென்றால் ஒரே தடவைதான். வாரம் ஒரு நாளாகத் தள்ளினால் அடுத்த தேதியை ஒருவரும் நம்ப மாட்டார்கள்.

மார்ச் 10, திங்கள்

முதல் ஏற்றம் முடிந்தது. சில வரிகள் திரும்பி வந்துவிட்டன: நாள் இருக்க வேண்டிய இடத்தில் மாதம். 12-க்கு மேற்பட்ட நாள்கள் மட்டும் பிழை காட்டின. 05/03 போன்றவை சத்தமில்லாமல் தவறாக உள்ளே போயிருக்கின்றன. முழுத் தேதிப் பத்தியையும் மாற்றி மறுபடி ஏற்ற 1 நாள். பஃபர் பாக்கி: 1.