எழுதியதற்கு மன்னிப்பா?

பத்திரிகையாளர் ஜே.எஸ். திசைநாயகத்தைக் கொழும்பில் கைது செய்தது 2008 மார்ச்சில். குற்றப்பத்திரிகை வரவே ஐந்து மாதம் ஆனது. ஒரு மாத இதழில் 2006-இல் எழுதிய இரண்டு கட்டுரைகளும், அந்த இதழுக்குப் பணம் திரட்டியதும்தான் குற்றம். கிழக்கிலங்கையில் போரில் சிக்கிய வாகரை மக்களுக்கு உணவும் மருந்தும் மறுக்கப்படுவதாக எழுதியது அதில் ஒன்று. 20 ஆண்டு கடூழியச் சிறை!

காவலில் பெற்ற வாக்குமூலத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்றது. அது மிரட்டி வாங்கியது என்று நிரூபிக்கும் பொறுப்பும் அவர் தலையிலேயே. பயங்கரவாதத் தடைச் சட்டம் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. பூட்டிய அறைக்குள் நடந்ததற்கு மனிதன் எந்தச் சாட்சியைக் கூப்பிடுவான்? நினைத்தாலே வயிறு எரிகிறது.

பிறகு 2010 மே 3, உலகப் பத்திரிகைச் சுதந்திர தினத்தன்று, அவருக்கு மன்னிப்பு என்று அறிவித்தார்கள். எதற்கு மன்னிப்பு? வாகரையின் பசியை எழுதியதற்கா?