பென்சில் கோடுகள்

நூலகத்தில் பைண்டிங்குக்கு ஒதுக்கும் கட்டைப் பிரித்தால் எது ஓடுகிறது, எது தூங்குகிறது என்று தெரிந்துவிடும். முதுகு பிரிந்து, முனை மடங்கி வருபவை பெரும்பாலும் பெண்கள் எழுதிய நாவல்கள். பெண்ணுரிமைக் கட்டுரைத் தொகுப்புகளோ வாங்கிய மெருகு குலையாமல் இருக்கும். சக ஊழியர் ஒருவர் அந்த நாவல்களை ‘அழுமூஞ்சிக் கதைகள்’ என்பார். அவர் ஒன்றைக்கூடப் படித்ததில்லை.

பழைய புத்தகங்களில் உள்ள கிறுக்கலை அழிப்பதும் என் வேலைதான். அழிக்கும்போது படிப்பேன். கோடு விழுந்திருப்பது வீர வசனங்களில் இல்லை. ஒரு குடும்ப நாவலில் கதாநாயகி தன் பெயரில் வங்கிக் கணக்குத் தொடங்கும் பத்தியை மூன்று வெவ்வேறு கைகள் கோடிட்டிருந்தன. ஒரு கை ஓரத்தில் ‘சரி’ என்றும் எழுதியிருந்தது. அதை மட்டும் அழிக்க மனம் வரவில்லை.

பணம், சாவி, நேரம் இவை யார் கையில் என்று கதை காட்டிவிடுகிறது. ஆங்கில நாவலாசிரியை ஆன் பிரான்டே 1848இல் ஆக்டன் பெல் என்ற புனைபெயரில் வெளியிட்ட ‘தி டெனன்ட் ஆஃப் வைல்ட்ஃபெல் ஹால்’ நாவலில், மனைவி ஓவியம் விற்றுப் பிழைத்துக்கொள்ளலாம் என்று திட்டமிடுகிறாள். கணவன் அவள் நாட்குறிப்பைப் பிடுங்கிப் படிக்கிறான், சாவிகளை வாங்கிக்கொள்கிறான், தூரிகை வண்ணங்களையெல்லாம் நெருப்பில் போடுகிறான். அன்றைய இங்கிலாந்தில் மனைவியின் சம்பாத்தியமே சட்டப்படி கணவனுடையது. சம்பாதித்ததைத் தானே வைத்துக்கொள்ளும் உரிமை 1870இல்தான் வந்தது, சொத்துரிமை 1882இல். நாவல் சட்டத்தைக் கொண்டுவந்தது என்று சொன்னால் மிகை. ஆனால் அந்தச் சட்டம் கேட்டு 1856இல் பெண்கள் கொடுத்த மனுவில் நாவலாசிரியை எலிசபெத் காஸ்கெல் கையெழுத்திட்டிருக்கிறார். எழுதியவர்களும் மனுப் போட்டவர்களும் அவ்வளவு தள்ளி இல்லை.

எழுத்து அந்தப் பெண் எழுத்தாளர்களுக்கே ஒரு வேலையாகவும் இருந்தது, இதை நாம் மறந்துவிடுகிறோம். பள்ளிக்கூடம் போகாத வை.மு. கோதைநாயகி நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதி, ‘ஜகன்மோகினி’ பத்திரிகையையும் நடத்தினார்.

எல்லா நாவலும் இப்படி என்று சொல்ல வரவில்லை. முக்கால்வாசிக் கதைகளில் கதாநாயகி கடைசி அத்தியாயத்தில் சமாதானமாகி அதே வீட்டுக்குத் திரும்பிவிடுவாள். வாசகிகள் அதைச் சும்மா விடுவதில்லை. புத்தகத்தைத் திருப்பித் தரும்போது கவுண்டரிலேயே சண்டை நடக்கும், எழுதியவர் மேல் உள்ள கோபமெல்லாம் என் மேல். “அவ ஏங்க திரும்பிப் போனா? வேலைதான் கிடைச்சிடுச்சே!” என்று ஒருவர் கேட்டார். பின்னால் நின்றவர், “கடைசிப் பதினைந்து பக்கத்தை விட்டுட்டுப் படிங்க, நல்ல கதை” என்றபடி அந்தப் புத்தகத்தையே தன் பெயரில் எடுத்துக்கொண்டு போனார்.